யப்பான்காரன்ர கத்தி

ஸெய்னுதீன்: ஒரு கத்தி அடி மச்சான். இப்பவே. பத்து மணிக்குள்ள.

கனகசுந்தரம்: பத்து மணிக்குள்ள ரொட்டி சுடலாம் ஸெய்னுதீன். கத்தி அடிக்க ஏலாது. அங்கால நில்லு, கையில பட்டரித்தண்ணி, அசிட். தெறிச்சா உன்ர சாரத்தில ஓட்டை விழும்.

ஸெய்னுதீன்: சாரத்தில விழுந்தா தைக்கலாம். கழுத்தில விழுந்தா?

கமலேஸ்வரி: என்ன ஸெய்னுதீன் காக்கா, காலமையில இப்பிடி மூச்சு வாங்குது? ஓடியே வந்தனீங்கள்?

ஸெய்னுதீன்: டொக்யாட்டில இருந்து ஒரே ஓட்டம் தங்கச்சி. தொண்டை காஞ்சு போச்சு. இந்தச் சட்டித் தண்ணியக் குடிக்கட்டா...

கனகசுந்தரம்: டேய், அதைக் குடிக்காத, அது...

ஸெய்னுதீன்: த்தூ! த்தூ! யா அல்லாஹ், என்னடா இது?

கனகசுந்தரம்: சாம்பல் தண்ணி. பட்டரித்தண்ணி பிடிச்ச கத்தியைக் கழுவ வச்சது. சொல்லி முடிக்க விட்டால்தானே.

கமலேஸ்வரி: இந்தாங்கோ காக்கா, நல்ல தண்ணி. கொப்பளிச்சுத் துப்பிப்போட்டுக் குடியுங்கோ.

கனகசுந்தரம்: கமலேஸ், நீ வாசல் பக்கமா நில்லு. புகை உன்ர பக்கம்தான் வருது. ...ம், இப்ப சொல்லு. என்ன அவதி உனக்கு?

ஸெய்னுதீன்: கத்தி பிடிபட்டுட்டு.

கனகசுந்தரம்: எந்தக் கத்தி?

ஸெய்னுதீன்: எந்தக் கத்தியோ! நீ இந்தப் பட்டறையில அடிக்கிற கத்தி. பழைய லொறி வில்லுப் பட்டையில அடிச்சு, தங்கச்சி யப்பான் எழுத்துக் கீற, நான் கொண்டுபோய் நேவிக்காரனுகளிட்ட யப்பான்காரன்ட கத்தி எண்டு விக்கிற கத்தி. அதுதான்.

கனகசுந்தரம்: மெல்லச் சொல்லு! றோட்டுக்குக் கேக்கப்போகுது.

ஸெய்னுதீன்: றோட்டுக்கென்ன, கப்பல் முழுக்கக் கேட்டாச்சு. ஒரு பொடியன் இடுப்பில செருகிக்கொண்டு புதுசா வந்த பெரிய துரைக்கு முன்னால நிண்டிருக்கிறான். எங்கால எண்டு துரை கேட்டானாம். கடற்கரைச் சந்தியில தொப்பி போட்ட ஆள் எண்டு இவன் சொல்லிட்டான். நேத்துப் பின்னேரம் என்னப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்க.

கமலேஸ்வரி: ஐயோ கடவுளே! அடிச்சவங்களோ?

ஸெய்னுதீன்: இல்ல தங்கச்சி. கதிரை தந்து இருத்தித்தான் விசாரிச்சாங்க. அதுதான் கூடப் பயம்.

கனகசுந்தரம்: நீ என்ன சொன்னனி?

ஸெய்னுதீன்: வழக்கமாச் சொல்றதத்தான்.

கனகசுந்தரம்: வழக்கமா என்ன சொல்றனி? எனக்கு ஒருநாளும் நீ சொல்லேல்லையே.

ஸெய்னுதீன்: கேட்டாத்தானே சொல்ல. ...ரெண்டு வருசத்துக்கு முந்தி யப்பான்காரனுகள் பிளேனில குண்டு போட வந்தாங்கதானே? அதில ஒருத்தன் நிலாவெளிக் காட்டுக்குள்ள குடையில இறங்கிட்டான் எண்டு.

கமலேஸ்வரி: குடையிலயோ!

ஸெய்னுதீன்: மழைக்குடை இல்ல தங்கச்சி. ஆகாசத்தில விரியிற குடை. இறங்கினவன் காட்டுக்குள்ள ஒளிச்சிருந்து, கத்தியக் குடுத்து மீன் வாங்கித் திண்டான் எண்டு சொன்னா, வெள்ளக்காரப் பொடியனுகள் வாயத் துறந்து கேப்பானுகள்.

கனகசுந்தரம்: ஒருத்தனிட்ட எத்தினை கத்தியடா இருக்கும்?

ஸெய்னுதீன்: அதையும் ஒருத்தன் கேட்டான். அதாலதான் போன மாசத்தில இருந்து மூணு பேர் இறங்கினதா மாத்தினன்.

கனகசுந்தரம்: அட புளுகா!

ஸெய்னுதீன்: புளுகனாம் புளுகன்! அந்தப் புளுகில வந்த சீனியும் பிஸ்கட்டும் உன்ட குசினியில இல்லயா? கூப்பன் சீனியிலயா தங்கச்சி தேத்தண்ணி ஊத்தினது?

கமலேஸ்வரி: சீனி சரி காக்கா. ஆனா அந்த டின் இறைச்சியை ஏன் வாங்கிறனீங்கள்? மாட்டிறைச்சி எண்டு நாங்கள் தொடமாட்டம். ஹலால் இல்லை எண்டு நீங்களும் தொடமாட்டியள். கட்டிலுக்குக் கீழ அடுக்கி வச்சிருக்கிறன்.

ஸெய்னுதீன்: குடுக்கிறத வேணாமெண்டு சொல்ல மனம் வருதில்லயே தங்கச்சி...

கனகசுந்தரம்: டின்னை விடு. பிறகு?

ஸெய்னுதீன்: பிறகென்ன, துரை நம்பிட்டான். மூணு யப்பான்காரன் இன்னும் காட்டுக்குள்ள இருக்கிறான் எண்டு நினச்சு, விடியமுந்தி நிலாவெளிக்கு லொறி அனுப்பிட்டான். கரைவலை இழுக்கிற சனத்த வரிசையில நிப்பாட்டி, ஆர் சோறு குடுத்தது, ஆர் ஒளிச்சது எண்டு கேக்கிறாங்களாம்.

கமலேஸ்வரி: பாவங்கள்! அதுகளுக்கு என்ன தெரியும்?

ஸெய்னுதீன்: அதக் கேட்ட உடன எனக்கு இருப்புக் கொள்ளல்ல மச்சான். நான் சும்மா சொன்ன கதைக்கு அதுகள் ஏன் வெயிலில நிக்கோணும்? ஓடிப்போய்த் துரைக்கு முன்னால விழுந்து, எல்லாம் பொய் துரை, கத்தி அடிச்சது இந்த ஊர்க் கனகசுந்தரம் எண்டு சொல்லிட்டன்.

கனகசுந்தரம்: என்ர பேரைச் சொல்லிப்போட்டியோ?

ஸெய்னுதீன்: சொல்லிட்டன். அடிக்கிறதெண்டா அடி.

கனகசுந்தரம்: ...துரை என்ன சொன்னவன்?

ஸெய்னுதீன்: சிரிச்சான்.

கனகசுந்தரம்: சிரிச்சவனோ?

ஸெய்னுதீன்: கத்திய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தான். விரலால தடவினான். இந்த ஊர்க் கொல்லனுக்கு இந்த வேலை வராது, இது யப்பான் வேலைதான் எண்டான்.

கனகசுந்தரம்: வராதாமோ? எனக்கு வராதாமோ? அந்த வில்லை நான் எத்தினை தரம் காய்ச்சித் தோய்ச்சனான் எண்டு அவனுக்குத் தெரியுமோ? செங்கல் தூளில மினுக்கி, தோலில தீட்டி, கை மரத்துப்போனது எனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் ஒவ்வொருத்தனும் யப்பான் இரும்பு யப்பான் இரும்பு எண்டு புகழேக்க, வாயை மூடிக்கொண்டு நிண்டு வயிறெரிஞ்சவன் நான்!

கமலேஸ்வரி: இப்ப ரோசப்படுற நேரமோ?

ஸெய்னுதீன்: இப்பத்தான் தங்கச்சி நேரம். எங்கட ஊர் அஸீம் ஹாஜியார் பொறுப்பு நிண்டு என்ன வெளிய எடுத்தவர். பத்து மணிக்குத் துரை இங்க வாறான். அந்தக் கத்தி இவன் அடிச்சதெண்டு அவன் கண்ணுக்கு முன்னால காட்டினா நான் தப்பினன், நிலாவெளிச் சனமும் தப்பும். காட்டாட்டி, யப்பான்காரன ஒளிச்சவன் எண்டு என்னக் கண்டிப் பக்கம் மறியலில பூட்டி வைப்பானாம். என்ட பொஞ்சாதி அசனா கிண்ணியாவில நாலு புள்ளயோட தனிய நிப்பாள் மச்சான்...

கனகசுந்தரம்: அழாதை. அழாதையடா. ...இந்தா, மெழுகு பூசின அலகு ஒண்டு கையில இருக்கு. இதில ஊசியால கீறி, கோழி இறகால பட்டரித்தண்ணி தடவி, கழுவி, எழுத்தைக் காட்டுவம். அது காணும்தானே?

ஸெய்னுதீன்: காணாது, அது போதாது. நானும் அதத்தான் சொன்னன். சரி, எழுத்து உங்கட வேலையெண்டா, யப்பான் எழுத்து உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது எண்டு கேக்கிறான். காட்டுக்குள்ள இருக்கிறவன்தானே எண்டு கேக்கிறான்.

கனகசுந்தரம்: அது பாத்துக் கீறினதெல்லோ. யப்பான் கோப்பை ஒண்டு, சண்டைக்கு முந்திச் சந்தையில வாங்கினது. அடியில நாலு எழுத்து இருந்தது.

ஸெய்னுதீன்: அப்ப அந்தக் கோப்பயக் காட்டு! அல்ஹம்துலில்லாஹ், கோப்பயக் காட்டினா முடிஞ்சுது. தங்கச்சி, கோப்ப எங்க?

கமலேஸ்வரி: ...அது உடைஞ்சு போச்சு.

ஸெய்னுதீன்: எப்ப?

கமலேஸ்வரி: முதல் கத்தி கீற முந்தி.

ஸெய்னுதீன்: முந்தியோ! அப்ப இவ்வளவு கத்தியிலயும் எதப் பாத்துக் கீறினாய்?

கமலேஸ்வரி: ஒண்டையும் பாக்கேல்லை. கழுவேக்க கை வழுக்கி விழுந்திட்டுது. சொன்னா இவர் ஏசுவார் எண்டு துண்டுகளைக் குப்பையில புதைச்சுப்போட்டு... நானாத்தான் எழுதினனான்.

ஸெய்னுதீன்: நீயா? உனக்கு யப்பான் பாஷை தெரியுமா?

கமலேஸ்வரி: எனக்கென்ன விசரோ? தமிழிலதான் எழுதினனான்.

ஸெய்னுதீன்: ஆ?

கமலேஸ்வரி: கத்தியை நட்டுப் பிடிச்சா யப்பான். கிடத்தினால் தமிழ். அலகு நீளத்துக்குத் தமிழை எழுதி, இடைக்கிடை சும்மா ரெண்டு குறுக்குக் கோடு இழுத்து விட்டனான். நட்டுப் பிடிச்சுப் பாக்கிறவைக்கு மேல இருந்து கீழ வாற எழுத்து மாதிரித் தெரியும்.

ஸெய்னுதீன்: வல்லாஹி! நான் இவ்வளவையும் கையில வச்சுத் திருப்பினன், எனக்குத் தெரியல்லயே!

கமலேஸ்வரி: நீங்கள் அரபெழுத்துத்தானே வாசிப்பியள் காக்கா.

ஸெய்னுதீன்: அது சரி. ஆனா இவன்? கனகசுந்தரம், நீ எழுத்துத் தெரிஞ்சவன்தானே?

கமலேஸ்வரி: அவர் கடைப் பலகையே நிண்டு நிண்டு எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அந்தத் துணிவிலதான் எழுதினனான்.

கனகசுந்தரம்: ம்.

ஸெய்னுதீன்: என்னடா ம்? கொண்டாட்டம் போடுடா! தமிழெண்டா முடிஞ்சுதே விஷயம். யப்பான்காரன் தமிழில எழுதுவானா? துரையோட டொக்யாட் கிளாக்கர் தவராசா வாறான், மொழிபெயர்க்க. கத்தியக் கிடத்தி இவன் வாசிச்சா துரைக்கு விளங்கிடும். தங்கச்சி, நீ நூறு வருசம் வாழோணும்! ...என்னதான் எழுதினாய்? இங்க விக்காத கத்தி மூணு கிடக்கு, எடு பாப்பம். இது என்ன?

கமலேஸ்வரி: அது ஒண்டுமில்லை காக்கா, வையுங்கோ...

ஸெய்னுதீன்: கழுத்துப் போற நேரத்தில வெக்கமென்ன? வாசி.

கமலேஸ்வரி: ...‘இது கனகசுந்தரம் அடித்த கத்தி.’

கனகசுந்தரம்: கேட்டியோ! என்ர பேர்! யப்பான்காரன் பேரில்லை!

கமலேஸ்வரி: பொய்யை இரும்பில எழுத மனம் வரேல்லை. கோணேசர் கோயிலுக்குக் கிட்டத்தில இருந்துகொண்டு... அதுதான் உண்மையை எழுதினனான்.

ஸெய்னுதீன்: மாஷா அல்லாஹ். அடுத்தது?

கமலேஸ்வரி: அது வேண்டாம்.

ஸெய்னுதீன்: ஏன் வேணாம்? வாசி வாசி.

கமலேஸ்வரி: ‘விற்கிறவன் ஸெய்னுதீன். சொல்வதெல்லாம் புளுகு.’

கனகசுந்தரம்: ஹா ஹா ஹா!

ஸெய்னுதீன்: சிரிக்காத! ...ஏன் தங்கச்சி, நான் உனக்கு என்ன செஞ்சன்?

கமலேஸ்வரி: அண்டைக்கு நீங்கள் மீன் எண்டு நாறினதைக் கொண்டுவந்து, இப்பத்தான் பிடிச்சதெண்டு தந்தனீங்கள். அந்தக் கோவம்.

ஸெய்னுதீன்: அப்ப எத்தின வெள்ளக்காரன் என்னப் புளுகன் எண்டு இடுப்பில கட்டிக்கொண்டு திரியிறான்?

கமலேஸ்வரி: ரெண்டுதான். மற்றதெல்லாம் வேற வேற.

கனகசுந்தரம்: மற்றதைப் பிறகு பாக்கலாம்...

ஸெய்னுதீன்: ஏன் பிறகு? இப்ப உன்ட முறை. மூணாவது என்ன தங்கச்சி?

கமலேஸ்வரி: ‘மச்சாள் கனகம்மா நாளைக்கு வருகிறா. கடவுளே காப்பாற்று.’

கனகசுந்தரம்: என்ர அக்காவையோ!

கமலேஸ்வரி: உங்கட அக்கா வந்தா உப்பில இருந்து உலக்கை வரைக்கும் குறை சொல்லுவா. உங்களிட்ட சொன்னா உர் எண்டு இருப்பியள். ஆரிட்டச் சொல்லுறது? ஊசி கையில இருந்தது, மெழுகு முன்னால இருந்தது, எழுதினனான். எழுதி, பட்டரித்தண்ணி தடவினா புசுபுசுவெண்டு நுரைக்கும். அது அடங்க என்ர கோவமும் அடங்கிப்போகும். பிறகு காக்கா கொண்டுபோவார். கப்பலேறி எங்கயோ போகும்தானே எண்டு...

ஸெய்னுதீன்: உங்கட வீட்டுச் சண்ட முழுக்கக் கடல் கடந்து போயிருக்கு! வேற என்ன எழுதினாய்? இவன்ட குறட்ட?

கமலேஸ்வரி: அதுவும்தான். ‘இவர் குறட்டையில் சைரன் கேட்பதில்லை.’

ஸெய்னுதீன்: ஹா ஹா! மச்சான், தவராசா அத வாசிச்சா ஊர் முழுக்கச் சிரிக்கும்!

கனகசுந்தரம்: சிரிக்கட்டும். மறியலுக்குப் போறதை விடச் சிரிப்புப் பறவாயில்லை. சரி ஸெய்னுதீன், கதையை விடு. நேவிப் பொடியளுக்கு இது தெரிஞ்சா உன்னைச் சும்மா விடுவாங்களோ?

ஸெய்னுதீன்: தேடி அடிப்பாங்க. நான் துரை போன கையோட தோணி ஏறிக் கிண்ணியாவுக்குப் போயிடுவன். கப்பல் வெளிக்கிடுமட்டும் இந்தப் பக்கம் தலை காட்டமாட்டன். அடி வாங்கினாலும் ஊரில வாங்கலாம், மறியலில வாங்க ஏலாது. ...தங்கச்சி, நீயும் வா, துரைக்கு முன்னால நிண்டு நீயே வாசி. எழுதினவள் வாசிச்சா இன்னும் நம்புவான். தவராசா இங்கிலீசில சொல்லட்டும்.

கமலேஸ்வரி: ஓம், இந்த மூண்டையும் வாசிச்சுக் காட்டுறன்.

ஸெய்னுதீன்: இந்த மூணு சரிவராது. இது இப்ப எழுதினது, என்னப் பிடிச்ச பிறகு எழுதினது எண்டு சொல்லிடுவான். அவன்ட கையில இருக்கிறத வாசிக்கோணும். அதுதான் சாட்சி.

கமலேஸ்வரி: அவன்ர கையில இருக்கிறது எந்தக் கத்தி?

ஸெய்னுதீன்: நான் கடைசியா வித்தது. போன வெள்ளிக்கிழமை கொண்டுபோனன்தானே, ஒரே ஒரு கத்தி. மான்கொம்புப் பிடி.

கமலேஸ்வரி: ...போன வெள்ளிக்கிழமையோ?

ஸெய்னுதீன்: ஓம்.

கமலேஸ்வரி: வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ காக்கா. அதுக்கு முதல் கிழமை கொண்டுபோனது இல்லையோ?

ஸெய்னுதீன்: அந்தக் கிழமை நான் வரவே இல்லயே, மகள் றம்லாக்குக் காய்ச்சல். ஏன் தங்கச்சி முகம் இப்பிடி வெளுக்குது?

கமலேஸ்வரி: நான் வரமாட்டன். அதை வாசிக்க ஏலாது.

ஸெய்னுதீன்: என்ன சொல்றாய்?

கமலேஸ்வரி: தவராசாவும் வாசிக்கக்கூடாது. ஆரும் வாசிக்கக்கூடாது.

ஸெய்னுதீன்: ஐயோ தங்கச்சி, குறட்டய எழுதியிருந்தாலும் பறவாயில்ல, என்ன நாறின மீன்காரன் எண்டு எழுதியிருந்தாலும் பறவாயில்ல. துரையயே திட்டி எழுதியிருந்தாலும் தவராசாவிட்டக் கெஞ்சி மாத்திச் சொல்ல வைக்கலாம்.

கமலேஸ்வரி: ஆரையும் திட்டேல்லை.

ஸெய்னுதீன்: அப்ப என்ன? வாயத் துறந்து சொல்லன்!

கமலேஸ்வரி: வாயாலதான் சொல்ல ஏலாது! மூண்டு மாசம் முடியுமட்டும் ஆருக்கும் வாய் திறக்கமாட்டன் எண்டு கோணேசருக்கு நேத்திக்கடன் வச்சனான். ரெண்டு முறை அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டு... பட்டது காணும். இந்த முறை நெஞ்சு வெடிச்சாலும் சொல்லுறதில்லை எண்டு இருந்தனான். ஆனா இருக்க முடியேல்லை. வாயாலதானே சொல்லக்கூடாது எண்டு... இரும்புக்குச் சொன்னனான்.

ஸெய்னுதீன்: மூணு மாசமோ! எனக்கு மூணு நிமிசம் இல்ல தங்கச்சி! கனகசுந்தரம், நீ ஒரு வார்த்த சொல்லன். ஏன் கல்லு மாதிரி நிக்கிறாய்? உன்ட பொஞ்சாதிதானே!

கனகசுந்தரம்: கமலேஸ்...

கமலேஸ்வரி: நீங்கள் ஒண்டும் கேக்காதேங்கோ. உங்களுக்குத்தான் முதல் சொல்லோணும் எண்டு நாளை எண்ணிக்கொண்டு இருந்தனான். இப்ப அந்த வெள்ளைக்காரன் நட்டுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். தவராசா வாசிச்சா பின்னேரத்துக்குள்ள நிலாவெளி மட்டும் போயிடும். ஊருக்கெல்லாம் தெரிஞ்சு, பிறகு உங்களுக்குத் தெரியிறதோ? எனக்கு அழுகை வருது.

கனகசுந்தரம்: அழாத. துரையிட்ட இருக்கிறது குறட்டைக் கத்தி.

கமலேஸ்வரி: இல்லை, அது போன மாசம்...

கனகசுந்தரம்: போன மாசம் நீ எழுதினதுதான். பிடி சரிவரேல்லை எண்டு விக்காமல் வச்சிருந்தனான். போன வெள்ளிக்கிழமை, இவன் வந்து அந்தரப்படுத்த, மான்கொம்புப் பிடி போட்டு அதைத்தான் குடுத்தனான்.

கமலேஸ்வரி: குறட்டைக் கத்தி எண்டு... உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் இண்டைக்குத்தானே சொன்னனான்?

கனகசுந்தரம்: மெழுகு கழுவி மினுக்கிறது ஆர்? நான்தானே. முதல் கத்தியில என்ர பேர் கிடந்தது. என்ர பேர் எனக்குத் தெரியாதோ? அண்டையில இருந்து எழுத்துக் கூட்டிக் கூட்டி எல்லாத்தையும் வாசிச்சனான். ஒரு கத்திக்கு ஒரு பின்னேரம் போகும்.

ஸெய்னுதீன்: அதுக்குத்தானா மினுக்க இவ்வளவு நேரமெண்டு எனக்குச் சாட்டுச் சொன்னாய்!

கமலேஸ்வரி: எல்லாத்தையுமோ? அக்காவைப் பற்றினதையுமோ? பிறகேன் ஒருநாளும் கேக்கேல்லை?

கனகசுந்தரம்: கேட்டால் நீ எழுதிறதை விட்டிடுவாய். என்னோட கதைக்காததெல்லாம் அதிலதானே கதைச்சனி. அடுத்த கத்தியில என்ன வருமெண்டு பாத்துக்கொண்டு இருந்தனான் கமலேஸ். அக்காவை வர வேண்டாமெண்டு சொல்லி அனுப்பினதும் அதை வாசிச்சுத்தான்.

ஸெய்னுதீன்: ஜீப் சத்தம் கேக்குது! வந்திட்டான்! குடும்பக் கதயப் பிறகு கதைக்கலாம். குறட்டக் கத்திதானே, தங்கச்சி, வாசிப்பாய்தானே?

கமலேஸ்வரி: வாசிக்கிறன் காக்கா. எத்தினை தரம் வேணுமெண்டாலும் வாசிக்கிறன். ...இஞ்சாருங்கோ, அப்ப நான் கடைசியா எழுதின கத்தி எங்க? அதையும் வாசிச்சனீங்களோ? வேற ஆருக்கும் வித்துப்போட்டியளோ?

கனகசுந்தரம்: அதை விப்பனோ? வாசிச்ச அண்டைக்கே திரும்ப உலையில போட்டு அடிச்சு, ஏணைத் தொட்டில் கட்டக் கொளுக்கி ஆக்கிப்போட்டன். பிள்ளைக்கு முன்கூட்டி ஒண்டும் வாங்கக்கூடாது எண்டுதானே சொல்லுறவை? நான் வாங்கேல்லை கமலேஸ். அடிச்சனான்.